எத்தன பர்சென்ட்?

போன சனிக்கிழமை ராத்திரி வீட்ல பீர் டேஸ்டிங் வச்சோம். டேஸ்டிங்னதும் பெருசா ஏதோ ஹோட்டல்ல நடந்த மாதிரி நெனச்சிக்காதீங்க. கோலாலம்பூர் ஓல்ட் கிள்ளான் ரோட்ல ஏழாவது மாடி, பால்கனில ஒரு மடக்கு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஆபீஸ் ஆண்டு விருந்துல டோர் கிஃப்டா குடுத்த வைன் கிளாஸ் ஆறு, அதுல ஒன்னுக்கு வாய் லேசா உடைஞ்சிருக்கும். ஆளுங்க யாருன்னா நான், சித்தப்பா மகன் தம்பி, ஆபீஸ்ல கூட வேல செய்ற தோழி ஒருத்தி, அப்புறம் யாரும் கூப்பிடாமலே நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்ட பெரியப்பா. அவரு தைப்பூசத்துக்கு தெலுக் இந்தான்லேருந்து பஸ் ஏறி வந்தவரு, பத்துமலைக்குப் போய்ட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு, இன்னும் ஊருக்குக் கெளம்புற மாதிரி தெரியல. எனக்கும் அதுல சந்தோஷம்தான்.

போத்தலையும் கேனையும் நான் வரிசையா எடுத்து வச்சேன். லேசானது முன்னாடி, கனமானது பின்னாடி, இல்லன்னா நாக்கு முதல் ரவுண்ட்லயே மரத்துப் போயிடும். பெரியப்பா கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டு ஒவ்வொன்னா கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. பேரப் பாக்கல, எந்த ஊருன்னு பாக்கல, ஆல்கஹால் எவ்ளோன்னு அடியில போட்டிருக்குற பொடி எழுத்தத்தான் தேடுறாரு. கடைசில நிமிந்து பாத்துக் கேட்டாரு, "பாப்பா, இதுல எது எத்தன பர்சென்ட்?"

இந்தக் கேள்விய நான் பல வருஷமா மத்தவங்க வாயிலேருந்து கேட்டுட்டு இருக்கேன். கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி கார் டிக்கியத் தொறந்து வச்சிட்டு நிக்கிற மாமாங்க கேப்பாங்க, தீபாவளிக்கு வீட்டுக்கு வர்ற பக்கத்து வீட்டு அண்ணன் கேப்பாரு, வேலைக்குப் புதுசா சேந்த பையன் கூட கேப்பான். "எப்படி இருக்கும்?"னு கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். முன்னலாம் எனக்கு எரிச்சலா வரும், பெரிய ரசிகை மாதிரி ஒரு பிரசங்கம் வேற பண்ணுவேன். இப்ப பண்றதில்ல. பையில 20 வெள்ளி (ரிங்கிட்) இருக்குற மனுஷன் அந்த 20 வெள்ளிக்கு என்ன கெடைக்கும்னுதான் கேப்பான், அது அவனோட கணக்கு.

சிரிப்பு என்னான்னா நம்ம மலேசியா கவர்மெண்டும் பெரியப்பா மாதிரியேதான் கேக்குது. 2016 மார்ச்லேருந்து பீருக்கு எக்சைஸ் வரி போடுறது அதுல இருக்குற ஆல்கஹால் அளவப் பாத்துத்தான், சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 வெள்ளின்னு. 2026 பட்ஜெட்ல அத 10 பர்சென்ட் ஏத்தினாங்க, 2025 நவம்பர் 1லேருந்து 192 வெள்ளி 50 காசு. நான் கணக்கு எழுதிப் பொழைக்கிறவ, அதனால கை சும்மா இருக்காது, போட்டுப் பாத்தேன். 320 மில்லி டைகர் கேன், 5 பர்சென்ட், அதுல வரி மட்டும் 3 வெள்ளி 8 காசு. 330 மில்லி டூவெல்ங்கிற பெல்ஜியம் பீர் போத்தல், 8.5 பர்சென்ட், அதுக்கு 5 வெள்ளி 40 காசு. 440 மில்லி ஹேஸி ஐபிஏ (கலங்கலா, வாசம் தூக்கலா இருக்குற ஒரு பீர் வகை) கேன், 6.5 பர்சென்ட், அதுக்கு 5 வெள்ளி 51 காசு. அந்த ஐபிஏ நான் வாங்குனது 32 வெள்ளிக்கு. மிச்சம் 26 வெள்ளி 49 காசு எங்க போச்சு? கப்பல், குளுகுளு கன்டெய்னர், கொஞ்சமா எறக்குறதால கூடுற செலவு, கடை வாடகை, இடையில நாலு கை. அதனால பார்ல "வரி ஏறிப் போச்சு மேடம்"னு ஒரு கிளாஸுக்கு அஞ்சு வெள்ளி ஏத்துறாங்க பாருங்க, அதுல பாதிதான் நம்பலாம். போன நவம்பர்ல ஏறுன வரி, அந்தப் பெரிய கேனுக்கே 50 காசுதான்.

சரி, டேஸ்டிங்குக்கு வர்றேன். இது டிசம்பர்லயே நடந்திருக்க வேண்டியது. தம்பியும் நானும் காசு போட்டுத்தான் எல்லாத்தையும் வாங்குனோம், வாங்குன மறுநாளே அவன் காவடி எடுக்கப் போறேன், 48 நாள் விரதம்னுட்டான். எனக்குத் தனியா குடிக்க மனசு வரல, அதுலயும் அந்த ஹேஸி ஐபிஏ ரெண்டு கேன் வாங்குனோம், ஆளுக்கு ஒன்னு, ஒரே நாள்ல கேன்ல அடச்சது, அடியில அச்சடிச்ச தேதிகூட ஒன்னுதான். பிரிச்சு எடுத்துட்டுப் போனோம். என்னோடது என் ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல, கீரைக்குப் பக்கத்துல இருந்துச்சு. அவனோடது?

அங்கதான் கதையே. சித்தி வீட்ல விரதம்னா வீடே விரதம். வீடு கழுவி, பூஜ சாமான் தேச்சு, பாலும் தயிரும் வைக்கிற ஃப்ரிட்ஜுக்குள்ள பீர் கேனா? சித்தி அத ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு, முடிச்சுப் போட்டு, கார் நிறுத்துற எடத்துக்குப் பின்னாடி இருக்குற ஸ்டோர்ல, பழைய பெயின்ட் டின்னுக்குப் பக்கத்துல வச்சிட்டாங்க. மேல தகரக் கூரை. கிள்ளான் வெயில் எப்படின்னு தெரியும்ல. தம்பி விரதத்துல இருந்ததால கேக்கவும் முடியாது, பீர் எங்கன்னு கேட்டாலே விரதம் கெட்ட மாதிரி. 48 நாளும் அது அங்கயே வெந்துட்டு இருந்துச்சு.

பீர் தொழில்ல இருக்குறவங்ககிட்ட ஒரு வாய்க்கணக்கு உண்டு, 3-30-300ன்னு. 32 டிகிரி சூட்டுல 3 நாள் இருந்தா பீர் எவ்ளோ கெடுமோ, 22 டிகிரில 30 நாள் இருந்தா அவ்ளோதான் கெடும், 3 டிகிரி குளுர்ல 300 நாள் இருந்தா அவ்ளோதான். இது சும்மா தோராயம்தான், ஆனா நம்ம ஊர்ல மத்தியானத்துல 32 டிகிரி சர்வ சாதாரணம்ங்கிறத நெனச்சா வயிறு கலங்கும். தம்பி கேனுக்கு நான் போட்ட கணக்குப்படி 48 நாள்ங்கிறது ஃப்ரிட்ஜ்ல 4800 நாள், கிட்டத்தட்ட 13 வருஷம். "உன் பீர் ஆறாம் வகுப்பு முடிச்சிருச்சுடா"ன்னேன்.

ஆனா உண்மையச் சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள குஷிதான். ஒரே பீர், ஒரே நாள்ல அடச்சது, ஒன்னு குளுர்ல, ஒன்னு சூட்டுல. காசு குடுத்தாலும் இப்படி ஒரு பரிச்சை நடத்த முடியாது. தம்பி கேன நாலு மணி நேரம் முன்னாடியே என் ஃப்ரிட்ஜ்ல போட்டு, ரெண்டும் ஒரே குளுர்ல இருக்குற மாதிரி பண்ணி, பக்கத்துல பக்கத்துல ஊத்துனேன்.

என்னோடது மாம்பழச் சாறு மாதிரி, கலங்கலா மஞ்சள், பால்கனி லைட்ல பளிச்சுன்னு நிக்குது. ஹேஸிங்கிறது இந்தக் கலங்கலத்தான், ஓட்ஸும் கோதுமையும் சேக்குறதால, பீருக்குக் கசப்பும் வாசமும் குடுக்குற ஹாப்ஸ் பூவ அள்ளி அள்ளிப் போடுறதால வர்றது. தம்பியோடது அதே கலங்கல், ஆனா நிறம் செத்துப் போச்சு. தேத்தண்ணில ஒரு சொட்டு பால் விட்டு மறந்து வச்ச மாதிரி ஒரு பழுப்பு, சாம்பல் கலந்த பழுப்பு. மோந்து பாத்தா என் கிளாஸ்ல கொய்யா, அன்னாசி, பச்ச மாங்காய் உரிச்ச தோல் வாசம். அவன் கிளாஸ்ல மழையில நனஞ்ச அட்டைப் பெட்டி, அதுக்குப் பின்னாடி லேசா தேன். தோழிக்கு பீர் பத்தி ஒன்னும் தெரியாது, கண்ண மூடிட்டு மோந்து பாத்துட்டு, "இது ஆபீஸ் ஸ்டோர் ரூம் வாசம்லா"ன்னா. அதவிட சரியா யாராலயும் சொல்ல முடியாது. ஹாப்ஸ் வாசம் சூட்டுக்கு நிக்காது, காத்து கொஞ்சம் உள்ள இருந்தாலும் போதும், ஹேஸிதான் எல்லாத்தையும்விட சீக்கிரம் படுத்துரும். பெரியப்பா ரெண்டையும் குடிச்சிட்டு, "இது ரெண்டும் ஒரே பர்சென்ட்தான?"ன்னாரு. ஆமா பெரியப்பா, பர்சென்ட் மட்டும் அப்படியேதான் இருக்கு.

சித்தி மேல கோவம்லாம் இல்ல. தப்பு எங்க மேலதான். ஆனா இதுக்கப்புறம் நான் ஒரு முடிவு எடுத்தேன், கடையில அலமாரில சும்மா நிக்கிற ஐபிஏவ வாங்கவே மாட்டேன். ஒரு கடை இருக்கு, பேரு வேணாம், நல்ல நல்ல சரக்கா எறக்குவாங்க, எறக்கிட்டு கண்ணாடி சன்னலுக்குப் பக்கத்துல அழகா அடுக்கி வச்சிருவாங்க, மத்தியான வெயில் நேரா அதுமேல. பச்ச போத்தல்ல வெளிச்சம் பட்டா ஸ்கங்க்ங்கிற மிருகம் விடுற மாதிரி ஒரு நாத்தம் வரும், அது வேற தொல்லை. கேன அடியில திருப்பி தேதியப் பாருங்க, ஃப்ரிட்ஜ்ல இருக்கான்னு பாருங்க, மூணு மாசம் தாண்டுன ஹேஸிக்கு 30 வெள்ளி குடுக்காதீங்க. ஸ்டவுட்ங்கிற கறுப்பு பீர், பெல்ஜியம் புளிப்பு பீர் இதுக்கெல்லாம் அவ்ளோ பயம் வேணாம்.

மத்தத வரிசையா சொல்லிடறேன். முதல்ல ஊத்துனது ஹிட்டாச்சினோ நெஸ்ட் வைட் ஏல், ஜப்பான் இபராக்கில கியூச்சின்னு ஒரு பழைய சாக்கே குடும்பம், 1823லேருந்து சாக்கே காய்ச்சினவங்க, 1996ல பீர்ல எறங்குனாங்க. கொத்தமல்லி வெத, ஆரஞ்சு, ஜாதிக்காய் போட்டது. ஜாதிக்காய்னதும் தோழி "பினாங்கு ஜாதிக்கா ஜூஸ்"னா, அந்த அளவுக்கெல்லாம் இல்ல, கடைசில மூக்குல ஒரு நூல் அளவுக்கு. அடுத்து சியரா நெவாடா பேல் ஏல். இது எனக்கு வாத்தியார் மாதிரி, 1980லேருந்து அதே ஆளு, கேஸ்கேட் ஹாப்ஸ், சாத்துக்குடித் தோல் கசப்பு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன். அதுக்கு மேல எழுத ஒன்னுமில்ல.

ஐபிஏ பத்தி பேச்சு வந்ததும் தம்பி வழக்கம்போல, "இந்தியா பேல் ஏல், வெள்ளக்காரப் பட்டாளத்துக்காக கண்டுபுடிச்சது"ன்னு ஆரம்பிச்சான். இது எல்லா பார் மெனுவுலயும் இருக்கு, முழுசா சரியில்ல. லண்டன்ல போ ங்கிற எடத்துல ஹாட்ஜ்சன்னு ஒருத்தரோட மதுவடி சாலை இருந்துச்சு, கப்பல் நிறுத்துற துறைக்குப் பக்கம், அங்கேருந்து 18ஆம் நூற்றாண்டு கடைசிலேயே இந்தியாவுக்கு பேல் ஏல் போச்சு. அதுக்குன்னு புதுசா யாரும் கண்டுபுடிக்கல, ஏற்கெனவே இருந்த பீர்தான், கப்பல்ல மாசக்கணக்கா கெடந்து நல்லா பக்குவப்பட்டுச்சு. அதக் குடிச்சது பெரும்பாலும் அதிகாரிங்களும் வியாபாரிங்களும், சாதா சிப்பாய்க்குக் கெடச்சது போர்ட்டர், கறுப்பு பீர். இத நான் சொன்னதும் பெரியப்பாவுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. "தோட்டத்துலயும் அப்படித்தான். துரை பங்களாவுல ஒன்னு, நமக்கு ஒன்னு."

அந்த 'நமக்கு ஒன்னு' கள்ளு. அதுக்குத்தான் வர்றேன்.

ரோடன்பாக் கிரான் குரு போத்தலத் தொறந்தேன். பெல்ஜியத்துல ருஸலாரேங்கிற ஊரு, ஆளு உயரத்துக்கும் மேல நிக்கிற ஓக் மரப் பீப்பாய்ல ரெண்டு வருஷம் கெடந்த பீர் மூணுல ரெண்டு பங்கு, புதுசு ஒரு பங்கு, கலந்து அடைக்கிறாங்க. செவப்பு, பழுப்பு ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிறம். இதப் பத்தி எழுதுறவங்க எல்லாம் செர்ரி, ஓக், பால்சமிக்னு எழுதுவாங்க. நான் செர்ரி மரத்தக் கண்டதில்ல. எனக்கு இது பழைய புளி, ஒரு வருஷம் பானைல கெடந்து கறுத்துப் போன புளி, அதுல கொஞ்சம் பனவெல்லம் கரச்சா வர்ற வாசம், கடைசில நாக்கு ஓரத்துல நெல்லிக்கா துவர்ப்பு. பெரியப்பா ஒரு வாய் குடிச்சாரு. ஒன்னும் பேசல. இன்னொரு வாய். கிளாஸ மூக்குகிட்ட கொண்டுபோயி, நான் சொல்லிக் குடுக்காமலே, நல்லா ஒரு இழு இழுத்தாரு.

"புள்ள, இது கள்ளு."

கள்ளு இல்ல பெரியப்பா, பார்லின்னு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவரே சொல்லிட்டு இருக்காரு. காலைல எறக்குன கள்ளு இல்லயாம், அது இனிக்குமாம், எளநீ மாதிரி. சாயங்காலக் கள்ளும் இல்லயாம். மறுநாள் வரைக்கும் மிஞ்சிப் போன கள்ளு, அடியில வண்டல் தங்கி, மேல தெளிஞ்சு, கண்ணச் சுருக்க வைக்கிற புளிப்பு, அத யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க, கள்ளுக்கடையில கூட்டிப் பெருக்குற கெழவருக்கு சும்மா குடுப்பாங்க, அவரு உப்புக் கல்லு ஒன்னப் போட்டு குடிப்பாரு, சின்னப் பையனா இருந்தப்ப தனக்கும் ஒரு வாய் குடுத்திருக்காருன்னு. அறுபது வருஷத்துக்கு முன்னாடி உள்ள ருசி, ஒரு போத்தல் பெல்ஜியம் பீர்லேருந்து எந்திரிச்சு வருது. அந்த நேரத்துல அவரு பர்சென்ட் கேக்கவே இல்ல, நான் கவனிச்சிட்டே இருந்தேன்.

பெரியப்பா தப்பா ஒன்னும் சொல்லல. பாளைய சீவி முட்டி கட்டுனா, சுண்ணாம்பு தடவலன்னா, யாரும் ஈஸ்ட் போட வேணாம், காத்துல இருக்குறது, முட்டில ஒட்டிட்டு இருக்குறது எல்லாம் சேந்து தானாப் புளிக்கும். பிரசல்ஸ் பக்கம் லாம்பிக்னு ஒரு புளிப்பு பீர் காய்ச்சுறவங்களும் அதான் செய்றாங்க, கொதிச்ச சாற அகலமான தட்டையான தொட்டில ஊத்தி ராத்திரி பூரா தொறந்து வச்சிருவாங்க, குளுர் மாசத்துல மட்டும், வர்ற காட்டு ஈஸ்ட் வரட்டும்னு. ரோடன்பாக் அந்த லாம்பிக் வகை இல்ல, ஆனா மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா குடியிருக்குற கிருமிங்கதான் அந்தப் புளிப்பக் குடுக்குது. அங்க அத ஒரு போத்தல் பல யூரோவுக்கு விக்கிறாங்க, மியூசியம் மாதிரி கூட்டிட்டுப் போய் காட்டுறாங்க. இங்க கள்ளுன்னா இன்னைக்கும் மூக்கச் சுளிப்பாங்க, நம்மாளுங்களே.

சுளிக்கிறதுக்குக் காரணமும் இருக்குலா. எங்க பாட்டி கள்ளுக்கடைங்கிற வார்த்தையக் கேட்டாலே எச்சித் துப்பும். சம்பள நாளு தாத்தா கடையிலேருந்து வர்ற வரைக்கும் லைன் வீட்டு வாசல்ல உக்காந்திருக்குமாம், கையில மிச்சம் எவ்ளோ வருதுன்னு பாக்க. 1941ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல வேலை நிறுத்தம் நடந்தப்ப தொழிலாளிங்க வச்ச கோரிக்கைல கூலி உயர்வு இருந்துச்சு, துரை எதிர்ல வந்தா சைக்கிள விட்டு எறங்கணும்ங்கிறத நிறுத்தணும்னு இருந்துச்சு, அதோட கூடவே தோட்டத்துக் கள்ளுக்கடைய மூடணும்னும் இருந்துச்சு. அவங்களே கேட்டாங்க, குடிக்கிற ஆளுங்களே. அப்புறம் கள்ளுக்கடை போச்சு, சம்சுங்கிற மலிவுச் சாராயம் வந்துச்சு, அது இன்னும் மோசம். 2018 செப்டம்பர்ல சிலாங்கூர்லயும் கேஎல் பக்கமும் மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கு குடிச்சு பல பேரு செத்தாங்க, ஞாபகம் இருக்கும். அதனால நான் கிராஃப்ட் பீர் (சின்ன சாலைங்க காய்ச்சுறது), டேஸ்டிங், நெல்லிக்கா துவர்ப்புன்னு எழுதறப்ப பாட்டி மொகம் ஒன்னு பின்னாடி நிக்கத்தான் செய்யும். அதுக்காக நிறுத்தல. ஒரு கிளாஸ மூணு பேரு பங்கு போட்டுக் குடிக்கிற பழக்கம் பாட்டி பாத்திருந்தா என்ன சொல்லிருக்கும்னு தெரில, "இதுக்கு மோரு குடிக்கலாம்"னு சொல்லிருக்கும்.

மோருன்னதும் ஞாபகம் வருது, கோசே ஒன்னு இருந்துச்சு, சொல்ல மறந்துட்டேன். ஜெர்மனில லைப்சிக் ஊரு வகை, கோதுமை பீர், புளிப்பு, அதுல உப்பும் கொத்தமல்லி வெதையும் போடுவாங்க. 1966ல கடைசியா காய்ச்சிட்டு இருந்த எடமும் மூடி வகையே அத்துப் போச்சு, 80கள்ல யாரோ ஆசப்பட்டு திரும்ப உசிரு குடுத்தாங்க. உப்பு, புளிப்பு, கொத்தமல்லி. இங்க எத்தன பேரு இத வாயில வச்சிட்டு "ஐய, பீர்ல உப்பா"ன்னு வச்சிட்டுப் போறாங்க, அதே ஆளு மத்தியானம் வாழ இல சாப்பாட்டுக் கடையில ரெண்டு டம்ளர் மோர் வாங்கிக் குடிப்பாரு. நம்ம வெயிலுக்கு இதவிட பொருத்தமான பீர் இல்ல, 4.5 பர்சென்ட்தான், பெரியப்பா அதக் கேட்டுட்டு கிளாஸ தோழி பக்கம் தள்ளிட்டாரு.

தொட்டுக்க ஈப்போ புந்தோங் கச்சான் பூத்தே (வறுத்த கடலை, பயறு) ரெண்டு பை, பெரியப்பா வாங்கிட்டு வந்தது, அப்புறம் தைப்பூசத்துக்குச் சுட்டு மிச்சமான முறுக்கு. ஒரு விஷயம் கண்ணால பாத்தேன், சொல்றேன். டூவெல்ல நுரை எப்பவும் மலை மாதிரி நிக்கும், எங்க எல்லாரு கிளாஸ்லயும் நின்னுச்சு, பெரியப்பா கிளாஸ்ல மட்டும் அவரு வாய் வச்ச எடத்துல ஒரு பிறை வடிவத்துக்கு நுரை அப்படியே வாங்கிப் போச்சு, மத்த பக்கம் நிக்குது. முறுக்கு எண்ணெய். ஒதட்டுல ஒட்டுன எண்ணெய் போதும், நுரை செத்துரும். கிளாஸ கழுவுறப்ப சவுக்காரம் சரியா போகலன்னாலும் இதே கதிதான், நான் டேஸ்டிங் கிளாஸுக்குத் தனி ஸ்பான்ஜ் வச்சிருக்கேன், அம்மா அதுக்கு என்னைத் திட்டாத நாள் இல்ல. டூவெல்னா அந்த ஊரு பேச்சுல பிசாசுன்னு அர்த்தம், 8.5 பர்சென்ட், பெரியப்பாவுக்கு அன்னைக்கு ராத்திரி முழு மரியாதை கெடச்ச பீர் இதுதான். எனக்கு அது நல்லா இருக்கும், ஆனா ஒரு கிளாஸுக்கு மேல போனா மறுநாள் காலைல தலைக்குள்ள மேளம்.

இடையில நியூஸும் பேசுனோம், அதச் சொல்லலன்னா தம்பி கோச்சிக்குவான். அமெரிக்காவுல கிராஃப்ட் பீர் இறங்குமுகம்தான், 2024ல தொறந்த மதுவடி சாலைங்கள விட மூடுனது அதிகம். சான் பிரான்சிஸ்கோ ஆங்கர் மதுவடி சாலை, 1896லேருந்து இருந்தது, 1965ல மூடப்போற நேரத்துல ஃபிரிட்ஸ் மேடாக்ங்கிறவரு வாங்கித் தூக்கி நிறுத்துனாரு, இன்னைக்கு கிராஃப்ட்னு சொல்றதுக்கே அதான் தொடக்கம்னு சொல்லுவாங்க. 2017ல ஜப்பான் பீர் கம்பெனி சப்போரோ வாங்குச்சு, 2023 ஜூலைல மூடுறோம்னு அறிவிச்சிட்டாங்க. 2024ல சொபானி தயிர் கம்பெனி முதலாளி வாங்கிருக்காரு. அந்த 2023ல நான் குடும்ப வாட்ஸாப் குரூப்ல "ஆங்கர் மூடிட்டாங்க"ன்னு சோகமா போட்டேன், பத்து நிமிஷத்துல தெலுக் இந்தான்லேருந்து போன். பெரியப்பா குரல்ல பதட்டம். நாப்பது வருஷமா அவரு குடிக்கிறது ஆங்கர், நம்ம ஊரு ஆங்கர், அது வேற இது வேறன்னு புரிய வைக்கிறதுக்குள்ள அவரு ரெண்டு கார்ட்டன் வாங்கி உள்ள வச்சிட்டாரு.

நம்ம பக்கம் பெருசா திருவிழா ஒன்னும் இல்லயேன்னு தோழி கேட்டா. இருந்துச்சு. பெட்டர் பீர் ஃபெஸ்டிவல்னு, 2017 அக்டோபர்ல கேஎல் பப்ளிகா மால்ல நடக்க வேண்டியது, இஸ்லாமியக் கட்சியான பாஸ் எதிர்ப்பு, டிபிகேஎல் (கேஎல் மாநகராட்சி) அனுமதி குடுக்கல, போலீஸ் பாதுகாப்புக் காரணம் சொன்னாங்க, ரத்தாச்சு. அந்த வருஷமே டிசம்பர் 1லேருந்து குடிக்கிற வயசு 18லேருந்து 21 ஆச்சு. வயச ஏத்துனது நல்லதுதான்னு நான் சொல்லுவேன், திருவிழாவ நிறுத்துனதுலதான் எனக்கு இன்னும் வருத்தம், அங்க வர்றவன் 100 மில்லி கிளாஸ்ல மோந்து பாத்துக் குடிக்கிறவன், ரோட்டோரம் கார் நிறுத்திக் குடிக்கிறவன் அங்க வரவே மாட்டான். சரி, விடுங்க, இதப் பேசி ஆகுறது ஒன்னுமில்ல. வீட்லயே காய்ச்சலாம்னா அதுக்கும் லைசென்ஸ் வேணும். அதனால இப்படி பால்கனிதான்.

எல்லாம் முடிஞ்சப்ப மணி ஒம்போது அஞ்சு. பெரியப்பா வயித்தத் தடவிட்டு, "எல்லாம் நல்லாருந்துச்சு. இப்ப ஒரு ஆங்கர் அடிச்சா சரியா இருக்கும்"னாரு. தம்பி கீழ மளிகைக் கடைக்கு எறங்கிப் போனான். கேஎல்ல 2021 அக்டோபர்லேருந்து மளிகைக் கடையில பீர் ராத்திரி ஒம்போது வரைக்கும்தான், கடைக்காரம்மா பீர் ஃப்ரிட்ஜுக்கு மேல துணி போட்டு மூடிட்டாங்க. அஞ்சு நிமிஷம்தான ஆன்ட்டின்னு கெஞ்சிப் பாத்திருக்கான், நடக்கல. ஒரு பை ஐஸோட திரும்பி வந்தான். பெரியப்பா அந்த ஐஸ எடுத்து கிளாஸ்ல போட்டு, மிச்சம் இருந்த ரோடன்பாக்க அதுமேல ஊத்திட்டாரு. எனக்கு உசிரே போச்சு, ஆனா ஒன்னும் சொல்லல. பால்கனி கம்பியில சாஞ்சிட்டு, கீழ ரோட்ல வண்டிங்க போறதப் பாத்துட்டு, அரை மணி நேரம் அந்த ஒரு கிளாஸயே குடிச்சாரு.

திங்கக்கிழமை ஊருக்குக் கெளம்பறப்ப காலி ஹிட்டாச்சினோ போத்தல பைக்குள்ள வச்சிக்கிட்டாரு, அதுல செவப்பு ஆந்தை படம் இருக்குல்ல, பேத்திக்குக் குடுக்கணும்னு. நேத்து பெரியம்மா போன் பண்ணாங்க. ஆந்தைய வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்காரே, உனக்காவது அறிவு வேணாமான்னு எனக்கு அரை மணி நேரம் விழுந்துச்சு. போத்தல் இப்ப வாசல்ல முருங்க மரத்தடியில இருக்காம், படம் இருக்குற பக்கத்த செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சிட்டு அதுல மணி பிளான்ட் நட்டிருக்காங்களாம்.